மஸ்கட்டிலிருந்து ஓர் இரவுக் கடற்கரைக் கூடாரம்: நாயையும் அழைத்துச் செல்லலாமா?

குப்ராவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மஸ்கட்டில் குப்ரா பகுதியில் வசிக்கிறோம். நான், என் மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், இவர்களோடு மணி என்ற எங்கள் லாப்ரடார் நாய். வரும் டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி, கடற்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிவிட்டுச் சனிக்கிழமை திரும்பலாம் என்று இரண்டு நண்பர் குடும்பங்களோடு பேசி வைத்திருக்கிறோம். ஒன்று மதுரைக் குடும்பம். மற்றொன்று என்னோடு பணிபுரியும் கண்ணூர்க்காரருடையது. எங்களிடம் இருப்பது ஃபோர் வீல் வண்டி, மற்ற இருவருடையவையும் சாதாரணக் கார்கள்.

இடத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் ராஸ் அல் ஜின்ஸ் என்கிறார்கள். பக்கத்திலேயே அஸ் ஸீஃபா இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்பது கண்ணூர் நண்பரின் கட்சி. எனக்கோ சூர் போகும் வழியில் உள்ள ஃபின்ஸ் கடற்கரையின் மீதுதான் ஆசை. இந்த மூன்றில் எங்களைப் போன்றவர்களுக்கு எது பொருந்தும் என்று, அங்கெல்லாம் தங்கிப் பழகியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அதைவிடப் பெரிய கவலை மணியைப் பற்றியது. வீட்டருகே நடைக்கு அழைத்துச் செல்லும்போதே சிலர் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்கு மாறிப் போவதைக் காண்கிறேன். இந்த நாட்டில் அது இயல்பு என்பதால் அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் திறந்த கடற்கரையில், உள்ளூர்க் குடும்பங்களும் வந்து தங்கும் இடத்தில், ஒரு நாயோடு போய் இறங்குவது முறையாக இருக்குமா என்று தயக்கமாக உள்ளது. மதுரை நண்பரின் மனைவிக்கும் நாய் என்றால் பயம். அதை வாய்விட்டுச் சொல்லாமல் மரியாதைக்காகச் சும்மா இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிகிறது. மணியை யார் வீட்டிலாவது விட்டுவிட்டுப் போவதென்றால் பெரியவன் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான்.

கூடாரத்தை நீரிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமைப்பது, இரவில் நாயை எங்கே படுக்க வைப்பது என்பவற்றையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சூர் வழிப்போக்கர் பதில்:

வணக்கம் குப்ராவாசி. நாயை அழைத்துப் போவது என்று முடிவானால், இடத்தை அழகை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் நாயை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் மூன்றில் இரண்டு தாமாகவே விலகிவிடும்.

முதலில் விலக்க வேண்டியது ராஸ் அல் ஜின்ஸ். அந்தக் கரை 1996-இல் அரச ஆணையால் ஆமைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பச்சை ஆமைகள் முட்டையிடும் அந்த மணலில் கூடாரம் அடிக்க முடியாது, பார்வையாளர் மையத்தின் வழிகாட்டியோடுதான் இரவிலும் விடியற்காலையிலும் கரைக்கு இறங்க முடியும். அனுமதி கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் நாயோடு போகத் தகுந்த இடம் அது அல்ல. மணலுக்குள் புதைந்திருக்கும் முட்டையின் வாசனை எந்த நாயையும் தோண்ட வைக்கும். பொரித்து வெளியே வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று எடுத்துக்கொண்டு நகர்வதால், நாம் ஏற்றும் விளக்கே அவற்றைத் தவறான பக்கம் இழுத்துவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் வேறொரு வார இறுதியில், நாய் இல்லாமல், முன்பதிவு செய்துகொண்டு போய் வாருங்கள். டிசம்பரிலும் ஆமைகள் வருவதுண்டு என்றாலும், கோடையில் வரும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

அஸ் ஸீஃபாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏற்ற இறக்கம் மிகுந்த மலைப்பாதை என்றாலும் மஸ்கட்டுக்கு அருகில் இருப்பதால், குளிர்கால வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். ஊரும் மீன்பிடிப் படகுகளும் கரையை ஒட்டியே இருக்கின்றன. நாய் இல்லாதவர்களுக்கு நல்ல இடம்.

ஃபின்ஸின் சிறப்பு அதன் அமைப்பில் இருக்கிறது. 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் குரியாத் ஊரைத் தாண்டி, நிலம் உள்வாங்கி உண்டான பிம்மா பள்ளத்தையும் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் சாலையை விட்டு இறங்கினால், கரையை ஒட்டி ஒரு சரளைப் பாதை ஓடும். அந்தக் கரை ஒரே நீளமாக இல்லாமல், தாழ்வான பாறைத் திட்டுகளால் சிறு சிறு வளைவுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு வளைவில் ஒரு குழு இறங்கினால் அடுத்து வருபவர்கள் தாமாகவே அடுத்த வளைவுக்குப் போய்விடுவார்கள். நாய் வைத்திருப்பவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறெங்கும் கிடைக்காது. சாதாரணக் கார்கள் சரளைப் பாதையில் மெதுவாக வந்துவிடும். ஆனால் அங்கிருந்து மணலுக்குள் இறக்க வேண்டாம், கெட்டியான தரையிலேயே நிறுத்திவிட்டுச் சாமான்களைக் கையில் சுமந்து செல்லுங்கள். உங்கள் ஃபோர் வீல் வண்டியை மணலில் இறக்குவதாக இருந்தால் டயரின் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துக்கொண்டு இறக்க வேண்டும், நெடுஞ்சாலையில் ஏறும் முன் மறுபடி நிரப்பக் காற்றடிக்கும் கருவியும் கையோடு இருக்க வேண்டும். படங்களில் வெள்ளை மணலாகத் தெரிவது பல இடங்களில் கூழாங்கல்தான் என்பதால் தடிமனான மெத்தை விரிப்பு இல்லாமல் அங்கே யாருக்கும் தூக்கம் வராது.

நேரத்தைப் பற்றி ஒரு செய்தி. கிழக்கு ஹஜர் மலை உங்கள் முதுகுக்குப் பின்னால், மேற்கில் நிற்கிறது. டிசம்பரில் மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறையும் என்பது மஸ்கட் கணக்கு. ஃபின்ஸில் அதற்கு வெகு முன்னதாகவே மலை நிழல் கரையில் விழுந்து வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். மூன்று மணிக்குள் கூடாரம் நின்றாக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையிலோ கடலிலிருந்து நேராக வெயில் வந்து கூடாரத்தில் விழுவதால் ஏழு மணிக்கு மேல் உள்ளே யாரும் படுத்திருக்க முடியாது.

கூடாரம் அமைக்கும் தூரத்தை மீட்டர் கணக்கில் சொல்வது சரியாக வராது, ஏனென்றால் ஒவ்வொரு வளைவின் சரிவும் வேறு. கரையில் காய்ந்த பாசியும் சிப்பியும் குச்சியும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். அதுதான் கடைசியாக நீர் ஏறிய எல்லை. இதுபோல ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் இருக்கும், அவற்றில் மிக மேலே, மிகப் பழையதாகத் தெரியும் கோட்டையும் தாண்டி அமையுங்கள். ஓமான் கடலில் ஒரே நாளில் வரும் இரண்டு ஏற்றங்களும் சம உயரம் கொண்டவை அல்ல. பகலில் பார்த்த ஏற்றம் சிறியதாக இருந்து, நள்ளிரவுக்கு மேல் வருவது பெரியதாக இருக்கலாம். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அலையேற்ற அட்டவணையில் அந்த இரவுக்கான நேரத்தையும் உயரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடலுக்கு மட்டும் அஞ்சி, மலைப்பக்கத்து நீரை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கரையில் மணல் அகலமாகவும் சமமாகவும், கூடாரம் அடிக்க அழைப்பதுபோலத் தோன்றும் இடம் பெரும்பாலும் ஒரு வாதியின், அதாவது மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தின், வாயாகத்தான் இருக்கும். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே மலை மேல் பெய்த மழை அந்த வழியாக இறங்கி வரும். 2007 ஜூனில் கோனு புயல் வந்தபோது இந்தக் கரையோரத்தின் வாதிகள் சாலைகளையே அடித்துச் சென்றன. குளிர்கால மழை அந்த அளவுக்கு இருக்காது என்றாலும் ஒரு கூடாரத்தைக் கொண்டுபோக அதில் சிறு பங்கு போதும். மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

மத்ரா நண்பர் பதில்:

முந்தைய பதிலில் இடத்தைப் பற்றிச் சொன்னவை எல்லாம் சரி. ஆனால் நாயை அழைத்துச் செல்வது என்பதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை.

உள்ளூர் மக்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓமானியர்கள் நாயை வெறுப்பவர்கள் என்று பொதுவாகப் பேசுவது தவறு; சலூக்கி வேட்டை நாயை மதிப்போடு வளர்த்த மரபு அரபு நிலத்துக்கே உரியது. ஆனால் நாயின் எச்சில் உடையிலோ விரிப்பிலோ பட்டால் தொழுகைக்கு முன் கழுவியாக வேண்டும் என்று கருதுபவர்கள் மிகப் பலர். மாலைத் தொழுகைக்குக் கடற்கரையிலேயே விரிப்பை விரிக்கும் குடும்பத்தின் நடுவே உங்கள் லாப்ரடார் நனைந்த உடம்போடு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போனால் அவர்களுக்கு உண்டாகும் சிரமம் நமக்கு விளங்காது. லாப்ரடாருக்கோ எல்லோரும் சொந்தக்காரர்கள் என்ற எண்ணம்.

அதைவிட முக்கியமானவர் மதுரை நண்பரின் மனைவி. பயத்தைச் சொல்லத் தயங்குகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பகலில் சமாளித்துவிடுவார். இருட்டிய பிறகு, கூடாரத்தின் துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் எப்படித் தூங்குவார்? அவருக்குச் சிறு குழந்தை இருந்தால் அதுவும் சேர்ந்து விழித்திருக்கும். நட்புக்காக வருகிறவரை விருந்தாளியாக நடத்துவதுதானே முறை? ஓர் இரவுக்கு மணியை ஒரு காப்பகத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ விட்டுச் செல்வது பெரிய இழப்பு அல்ல. பையனுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்கலாம்.

நாலுகால் நேசி பதில்:

நான் மஸ்கட்டில் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். மத்ரா நண்பர் சொன்னதில் இரண்டாவது காரணத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சகோதரியிடம் உங்கள் மனைவி தனியாகப் பேசி, அவர் மனத்தில் இருப்பதைக் கேட்டுக்கொள்வதுதான் முதல் வேலை. முதல் காரணத்துக்கு, கயிறு ஒன்றே தீர்வு. வண்டியிலிருந்து இறங்கும் நொடியிலிருந்து திரும்ப ஏறும் வரை கழுத்துப் பட்டையும் கயிறும் கழற்றப்படாது என்று உறுதியாக இருப்பவர் தாராளமாக அழைத்துச் செல்லலாம். "எங்கள் நாய் யாரையும் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்ப்பவர் வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

கடற்கரைக்குப் போய்வந்த நாய்கள் சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமை காலையும் எங்களிடம் வருவது வழக்கம். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உப்புநீர். பந்தை எடுக்கக் கடலுக்குள் ஓடும் நாய் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்புநீரை விழுங்கும். அளவு கூடினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இன்னும் கூடினால் உடலில் உப்பு ஏறித் தள்ளாட்டமும் வலிப்பும் வரை போகும். எனவே கால் மணி நேரம் விளையாடினால் அதன் பிறகு நிழலில் உட்கார வைத்து நல்ல தண்ணீர் கொடுங்கள். 30 கிலோ எடையுள்ள லாப்ரடாருக்குச் சாதாரண நாளிலேயே ஒன்றரை லிட்டர் தேவை. ஓடி விளையாடும் நாளில் அதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பைக் கழுவத் தனியாக ஒரு பெரிய கேன் வேண்டும். உப்பு காய்ந்த ரோமத்தோடு இரவைக் கழிக்கும் நாய் விடிவதற்குள் தன் தோலை நக்கியும் கடித்தும் புண்ணாக்கிக்கொள்ளும்.

அடுத்தது பேத்தை மீன். மஸ்கட்டிலிருந்து சூர் வரை பல கரைகளில் செத்து ஒதுங்கிக் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிய வயிறும் கிளிமூக்கு போன்ற பற்களுமாக இருக்கும். மீனவர்கள் வலையிலிருந்து எடுத்து எறிந்துவிட்டுப் போவதும் உண்டு. அதன் ஈரலிலும் தோலிலும் உள்ள நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு நாய் அதைக் கடித்தால் முதலில் எச்சில் ஒழுகும், பிறகு பின்னங்கால்கள் துவளும், பிறகு மூச்சுத் தசைகள் வேலை செய்யாமல் போகும். ஃபின்ஸிலிருந்து மருத்துவமனைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கூடாரம் அடிக்கும் முன்பே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வளைவு முழுவதும் ஒரு முறை நடந்து, கிடக்கும் மீன்களையும், அறுந்த தூண்டில் நரம்பையும் முள்ளையும் ஒரு பையில் எடுத்துக் கட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். நாய் கண்டுபிடிப்பதற்கு முன் யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வைத்தால் உங்கள் ஆறு வயதுக் குழந்தையே பாதி வேலையை முடித்துவிடும்.

குளிர்காலத்தில் சில சமயம் கடல் நீர் பச்சையாகக் குழம்பித் தெரியும். நுண்ணுயிர்கள் பெருகுவதால் வரும் நிறம் அது. இரவில் அதே நீரில் அலை உடையும் இடமெல்லாம் நீல ஒளி மின்னும், ஈர மணலில் காலை வைத்தால் கால் தடத்தைச் சுற்றியும் மின்னும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆனால் அந்த நீரில் நாயை இறக்க வேண்டாம்.

இரவில் எங்கே படுக்க வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கூடாரத்துக்குள், உங்கள் காலடியில்; வேறு இடமே இல்லை. வெளியே கட்டிப் போட்டால் நரி வரும். இந்தக் கரைகளில் செந்நரிகள் இரவில் உணவு தேடி வருவது சாதாரணம். ஓமானில் வெறிநோய் நரிகளிடையே காணப்படுவதால், தடுப்பூசி நாள் கடந்துவிடவில்லை என்று புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றி அடைத்து வைப்பதும் கூடாது. ஏழு மணி வெயிலைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அது வண்டிக்கும் பொருந்தும். பகலில் கட்டும்போது கூடாரத்தின் கம்பியில் கட்டாதீர்கள், ஓர் ஆட்டைக் கண்டால் கூடாரத்தையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். வண்டியின் பின்பக்கக் கொக்கியில் கட்டுங்கள்.

குப்ராவாசி தொடர்கிறார்:

மூவருக்கும் நன்றி. ஃபின்ஸ் என்று முடிவு செய்துவிட்டோம். என் மனைவி மதுரைத் தோழியிடம் பேசினார். நாய் வருவதில் அவருக்கு மறுப்பு இல்லை. ஆனால் இரவில் தங்கள் கூடாரம் எங்களுடையதற்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது, சமைக்கும் இடத்துக்கு நாய் வரக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகளை வைத்தார். இதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கே நிம்மதி. கண்ணூர்க்காரரின் கூடாரத்தை நடுவில் வைத்து, எங்களுடையதை வண்டிக்கு அருகே ஓர் ஓரத்தில் அமைப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

மத்ரா நண்பர் சொன்ன தொழுகை விரிப்பு விஷயத்தை நான் இந்த அளவுக்கு யோசித்திருக்கவில்லை. கயிறு அவிழ்க்கப்படாது.

இனி மிச்சம் இருப்பது சமையலும் கழிப்பிடமும். கண்ணூர் நண்பர் மணலில் குழி தோண்டி விறகு எரித்து மீன் சுடலாம் என்கிறார். பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் என்ன வசதி செய்வது என்பதை யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ரூவி இல்லத்தரசி பதில்:

சகோதரருக்கு வணக்கம். பெண்கள் தரப்பிலிருந்து எழுதுகிறேன்.

கழிப்பிடத்துக்கென்று ஆள் உயரத்துக்கு ஒடுக்கமான சிறு கூடாரம் கடைகளில் கிடைக்கிறது. விரித்த மாத்திரத்தில் தானே எழுந்து நிற்கும். அதோடு மூடியுள்ள ஒரு வாளி, உள்ளே கெட்டியான பை, மேலே தூவப் பூனைக்கு வைக்கும் மண். குழி தோண்டி மூடிவிடலாம் என்று ஆண்கள் சொல்வார்கள்; கூழாங்கல் கரையில் ஒரு சாண் தோண்டுவதற்குள் கை வலித்துவிடும், காற்று அடித்தால் புதைத்த தாளெல்லாம் அடுத்த குடும்பத்தின் வாசலில் போய் நிற்கும். வாளிப் பையைக் கட்டி ஊருக்கே எடுத்து வந்துவிடுங்கள். இந்தக் கூடாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி, மலைப்பக்கமாக இருக்கட்டும். பகலில் கடலிலிருந்தும் இரவில் மலையிலிருந்தும் காற்று திரும்பும் என்பதால் நேர்ப் பின்னால் வைக்காமல் ஓரமாக வையுங்கள். மணலில் முளைக்குச்சி நிற்காது, கல்லில் இறங்காது. துணிப்பையில் கல்லை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் பாதி புதைத்தால்தான் எந்தக் கூடாரமும் நிற்கும்.

மணலில் நேரடியாக நெருப்பு மூட்ட வேண்டாம் என்று கண்ணூர்ச் சகோதரரிடம் சொல்லிவிடுங்கள். அணைந்துவிட்டது என்று நாம் மணலைத் தள்ளி மூடிய தணல் உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல், காலையில் அதன் மேல் முதலில் ஓடுவது குழந்தையோ நாயோதான். கால் வைத்து நிற்கும் கரி அடுப்பைக் கொண்டு போங்கள், சாம்பலை ஆறவிட்டு ஒரு தகர டப்பாவில் எடுத்து வாருங்கள். மஸ்கட் நகராட்சி எல்லைக்குள் எங்கே சுடலாம், எங்கே கூடாது என்பதற்கு விதிகள் இருக்கின்றன, மற்ற ஆளுநரகப் பகுதிகளிலும் அறிவிப்புப் பலகை வைத்திருந்தால் அதன்படி நடந்துகொள்ள வேண்டும்.

சமையலைப் பாதி வீட்டிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். புளியோதரை மறுநாள் வரை கெடாது. தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாக ஊற்றிக் குழைய வைத்து ஐஸ் பெட்டியில் வைத்தால் சனிக்கிழமை மதியத்துக்கு ஆகும். சுடுவதற்கு வஞ்சிரம் என்றால் வெள்ளிக்கிழமை காலையில் மத்ரா மீன் சந்தையில் வாங்கித் துண்டு போட்டு, மசாலா தடவி டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரைதான் வஞ்சிரம் பிடிக்கத் தடை, டிசம்பரில் தாராளமாகக் கிடைக்கும். விலை அதிகமாகத் தெரிந்தால் விளமீனை முழுசாகக் கீறிச் சுடுங்கள், தணலுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

மணிக்கு நம் சாப்பாட்டிலிருந்து எதையும் கொடுக்கக்கூடாது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். நம் மசாலா எதுவும் வெங்காயம் பூண்டு இல்லாமல் இல்லை. இரண்டுமே நாயின் இரத்தத்துக்குக் கேடு. திராட்சையும் சாக்லேட்டும் அப்படித்தான். வெந்த கோழி எலும்பு குடலில் குத்தும். எங்கள் பக்கத்து வீட்டு நாய் ஒரு பிரியாணிப் பொட்டலத்தை முழுதாக விழுங்கிவிட்டு அவதிப்பட்டதைப் பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டில் இது கண்டிப்பான சட்டம்.

காலையில் எழுந்ததும் உங்களுக்கு வரப்போகும் முதல் விருந்தாளி ஆடு. கூட்டமாக வந்து ரொட்டிப் பாக்கெட்டை, வாழைப்பழத் தோலை, சில சமயம் துண்டையே மென்றுவிட்டுப் போகும். ஊர்க்காரர்களின் சொத்து அவை. மணி அவற்றைத் துரத்திப் போய் ஓர் ஆட்டுக்குக் கால் ஒடிந்தால், அந்த வழக்கை நீங்கள் அரபியில் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். உணவை எல்லாம் இரவே வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் ஆடும் வராது, நரியும் வராது, நாய்க்கும் குரைக்க வேலை இருக்காது.

குளிக்கும் உடையில் கவனம் தேவை. முட்டிக்குக் கீழ் வரை வரும் உடையும் கையுள்ள சட்டையும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நல்லது. பக்கத்து வளைவில் குடும்பம் இருந்தால் அதுவே மரியாதை.

சூர் வழிப்போக்கர் மீண்டும்:

கூடார வரிசையை நன்றாகத் தீர்மானித்திருக்கிறீர்கள். விட்டுப்போன சிலவற்றைச் சேர்த்துவிடுகிறேன்.

டிசம்பரில் பகல் இதமாக இருந்தாலும் கடலோரப் பனி அதிகம். மேல்விரிப்பு இல்லாத கூடாரத்தில் விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும். வெளியே கழற்றிப் போட்ட காலணியைக் காலையில் தட்டாமல் போடக்கூடாது. தேள் உண்டு, பாறை இடுக்குகளில் சுருட்டை விரியனும் உண்டு. ஆழமில்லாத இடத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மணலில் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும்.

பக்கத்து வளைவிலிருந்து யாராவது பேரீச்சம்பழமும் காவா என்ற அரபுக் காப்பியும் எடுத்துக்கொண்டு வருவார்கள், இந்த ஊரில் அது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. அப்போது மணியைக் கூடாரத்துக்குள் விட்டு ஜிப்பை மூடிவிட்டு, நீங்கள் எழுந்து நாலடி எதிரே போய் வரவேற்றுப் பாயில் உட்கார வையுங்கள். பதிலுக்குக் கொடுக்க முறுக்கோ அச்சு முறுக்கோ ஒரு டப்பா தனியாக வைத்திருங்கள். வாங்கிய கிண்ணத்தில் காவா போதும் என்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வளைவுக்கு வளைவு செல்பேசிக் குறிப்பலை மாறும். இறங்கியதும் குறிப்பலை கிடைக்கும் இடத்தை ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் யாருக்காவது இருப்பிடத்தை அனுப்பிவிடுங்கள். அவசர எண் 9999. சனிக்கிழமை இருட்டுவதற்கு முன் குரியாத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இருட்டில் சாலையைக் கடக்கும் ஒட்டகத்தின் கால்கள் மட்டுமே விளக்கு வெளிச்சத்தில் தெரியும், உடல் நேராகக் கண்ணாடியின் உயரத்தில் வந்து மோதும்.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் குரியாத்தில் கடைகள் மூடியிருக்கும். பெட்ரோல், கரி, ஐஸ், கடைசி நேரத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் அங்கே வாங்குவதாக இருந்தால் பதினொரு மணிக்குள் போய்ச் சேருங்கள்.